சடையன் சாமியின் நானூறு மில்லிகிராம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் தப்பு செய்தவன் நான். சடையனைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு என்னைப் பற்றி ஏன் ஆரம்பிக்கிறேன் என்றால், பின்னால் நீங்களாகக் கண்டுபிடித்து "அடப்பாவி ராமகிருஷ்ணா" என்று திட்டினால் எனக்குக் கோபம் வரும். எனக்குக் கோபம் வந்தால் சீக்கிரம் போகாது. திருவண்ணாமலையில் எரிந்துபோன மோட்டாருக்குத் தாமிரக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். இருபத்தாறு வருடமாக ஐயப்பனுக்கு மாலை போடுகிறேன், அதில் கடைசி எட்டு வருடம் குருசாமியாக. குருசாமி என்றால், மற்றவர்களுக்கு மாலை போட்டுவிட்டு, விரதத்தில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று அதட்டி, சபரிமலைக்குக் கூட்டிப்போய்க் கூட்டி வருகிறவன். அதட்டுவது எனக்குத் தன்னால் வரும்.

சடையனுக்கு இப்போது நாற்பத்தாறு வயது. கீழ்பென்னாத்தூர் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற குடும்பம். மல்லாட்டைச் செடியைக் குனிந்து பிடுங்குவதைவிட நிமிர்ந்து செய்கிற வேலை எதுவானாலும் சரி என்று இருபது வயதில் டவுனுக்கு ஓடி வந்தான். பிளம்பர் வேலை கற்றான். அதிலும் போர்வெல்லில் இருந்து மோட்டார் தூக்குவதில் அவனை அடிக்க ஆள் இல்லை. முன்னூறு அடி ஆழத்தில் மோட்டார் சிக்கிக்கொண்டால், பைப்பின் மேல் காதை வைத்துக் கேட்டு, "நூத்தி எம்பதுல கல்லு இடிக்குதுணா" என்பான். இடிக்கும். அவன் தூக்கிக்கொண்டு வருவான், நான் காயில் கட்டுவேன், அவனே திரும்ப இறக்குவான். இப்படி இருபது வருடம் எங்கள் இரண்டு வீட்டிலும் அடுப்பு எரிந்தது.

குடிப்பான். நிறையக் குடிப்பான். அதோடு, வருடத்தில் சில நாள் அவனுக்கு ஏறிவிடும். செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கத்தில், வெள்ளைக்காரர்களுக்கு ரூம் விடுகிற ஒருவர் ஒழுகுகிற ஒரு டேப்பை மாற்றச் சொல்லி அவனைக் கூப்பிட்டார். இவன் மூன்று நாள் தூங்காமல் அந்த வீட்டின் அத்தனை டேப்பையும் மாற்றி, கடைசியில் மாட்டுக்கொட்டகையில் ஒரு ஷவரும் வைத்துக் கொடுத்தான். மாடு சந்தோஷப்பட்டது. ஓனர் படவில்லை. ஏறினது இறங்கும்போது வேறு மாதிரி. சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்தால் இரண்டு மாதம் எழ மாட்டான். "சுவத்துல இன்னாடா இருக்கு?" என்று கேட்டால், "ஒண்ணும் இல்லணா, அதான் பாக்கறேன்" என்பான்.

எல்லாம் குடியால் வருகிறது என்று ஊரே சொன்னது. ஊரோடு சேர்ந்து நானும் சொன்னேன். அவன் மனைவி சந்திரகலா மட்டும், "குடிக்காதப்பவும் இப்பிடித்தான்ணா இருக்காரு" என்றாள். பொம்பளைக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

மாலை போட்டிருக்கும் நாட்களில் அவன் ஒரு சொட்டுத் தொட மாட்டான். அதில் மட்டும் சத்தியவான். ஆனால் சபரிமலையில் இருந்து திரும்பி வந்து, மாலையைக் கழற்றி நான் சாமி படத்துக்குப் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் ஆள் இருக்க மாட்டான். எங்கே போனான் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. இதை அவனே கவனித்தான். மாலை இருந்தால் குடி இல்லை, அப்படியானால் மாலையைக் கழற்றாமல் இருந்தால் போதுமே என்று கணக்குப் போட்டான். கார்த்திகையில் ஐயப்பனுக்குக் கறுப்பு வேட்டி. தையில் பழனிக்குப் பச்சை வேட்டி. ஆடியில் அம்மனுக்குச் சிவப்பு வேட்டி. நடுவில் இருக்கும் மாதங்களுக்கு எந்தச் சாமி என்று என்னிடம் வந்து கேட்டான். நானும் வேலை வெட்டி இல்லாதவன் போல அவனோடு உட்கார்ந்து காலண்டரைப் புரட்டினேன். சித்திரையிலிருந்து ஆனி வரைக்கும் ஒரு சாமியும் அகப்படவில்லை.

அந்தச் சித்திரையில்தான் அவன் கிணற்று மேட்டில் போய் நின்றான். சந்திரகலா ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தாள். மறுநாள் யாரிடமும் கேட்காமல் அவனை ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போனாள். அங்கே டாக்டர் அன்புச்செல்வி பத்து நிமிடம் பேசிவிட்டு, இருபது வருடமாக நாங்கள் யாரும் சொல்லாததைச் சொன்னார்.

"ரெண்டு வியாதிம்மா. குடி ஒண்ணு, இந்த ஏத்த எறக்கம் ஒண்ணு. இதுக்கு இருதுருவ நோய்னு பேரு. ரெண்டும் சேத்தியா சுத்துது. ஒண்ண மட்டும் தொரத்தினா, இன்னொண்ணு போய் அதைத் திரும்பக் கூட்டிட்டு வந்துடும்."

குடியை நிறுத்தப் படுக்கையில் வைத்து வைத்தியம் செய்தார்கள். ஏற்ற இறக்கத்துக்கு லித்தியம் மாத்திரை கொடுத்தார்கள். மாதா மாதம் ரத்தம் எடுத்து அளவு பார்த்தார்கள். வியாழக்கிழமை தோறும், குடியை விட்டவர்கள் கூடிப் பேசுகிற கூட்டத்துக்கு அவன் போனான். பத்தொன்பது மாதம். எந்தச் சாமிக்கும் மாலை போடாமல், வெறும் லுங்கியில், பத்தொன்பது மாதம் குடிக்காமல் இருந்தான். சந்திரகலா செங்கம் ரோட்டில் ஒரு கஃபேயில் சமையல் வேலை பார்க்கிறாள். அந்த வருடம் அவள் வேலைக்குப் போகும்போது பாட்டு முணுமுணுத்துக்கொண்டு போனதை நானே கேட்டேன். குரல் நன்றாக இராது. இருந்தாலும் கேட்க நன்றாக இருந்தது.

போன கார்த்திகையில் சடையன் வந்தான். "ணா, குடிய விட்டதுக்கு ஐயப்பனுக்கு நன்றி சொல்லணும். மாலை போட்டுடுங்க" என்றான்.

மாலை போடும் அன்று காலையில் என் கடைக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டில் பதினெட்டுப் பேர் ஈரத்தலையோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவருக்காக மாலை போட்டுக்கொண்டே விதிகளைச் சொன்னேன். குடி கூடாது, பீடி கூடாது, செருப்பு கூடாது, பொய் கூடாது, கோபம் கூடாது. கடைசி விதியை நான் எப்போதும் கத்தித்தான் சொல்வேன். சடையன் முறை வந்தது. மடியிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தான்.

"சாமி, இத இன்னா பண்றது?"

எல்லாரும் என் வாயைப் பார்க்கிறார்கள். "டாக்டரைக் கேள்" என்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. எனக்கு இரண்டு வார்த்தையில் பேசிப் பழக்கமில்லை.

"மாலை ஏறின ஒடம்புக்கு மாத்திரை எதுக்கு சாமி? அவன் பாத்துக்க மாட்டானா? மனசு கெட்டவனுக்குத்தான் மனசுக்கு மாத்திரை. நீ இப்ப சாமி!"

பதினேழு பேரும் சரணம் போட்டார்கள். எனக்கே என் பேச்சு ரொம்பப் பிடித்துப்போயிற்று. சடையன் அந்த அட்டையைச் சாமி படத்தின் காலடியில், பூவோடு பூவாக வைத்துவிட்டுக் கும்பிட்டான்.

விரத நாட்களில் எங்கள் குழுவில் சிலர் வீட்டுக்குப் போகாமல் ஷெட்டிலேயே தங்குவார்கள். சடையனும் தங்கினான். சந்திரகலா தினம் எனக்குப் போன் போட்டு, "எப்பிடி இருக்காருணா?" என்பாள். "தங்கமா இருக்காரும்மா" என்பேன். பொய் இல்லை. முதல் வாரம் தங்கமாகத்தான் இருந்தான். இரண்டாவது வாரம் மூன்று மணிக்கு எழுந்து எல்லாருக்கும் தண்ணீர் இறைத்து வைத்தான். அடுத்து இரண்டு மணிக்கு எழுந்தான். அதற்கும் அடுத்து, எழுவதே இல்லை, ஏனென்றால் படுப்பதே இல்லை. பஜனையில் அவன் குரலுக்கு ஷெட்டின் தகரம் அதிர்ந்தது. "இவ்ளோ பக்தி எனக்கே இல்லப்பா" என்று நான் தெருவெல்லாம் பெருமை பேசினேன். நான் போட்ட மாலை ஆயிற்றே!

தீபத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது அவன் மலையைச் சுற்ற ஆரம்பித்தான். ஒரு சுற்று பதினான்கு கிலோமீட்டர். முடித்துவிட்டு உட்காராமல் அடுத்த சுற்று. வேறு ஊராக இருந்தால், தூங்காமல் சாப்பிடாமல் வெறுங்காலோடு பேசிக்கொண்டே நடக்கிறவனைப் பிடித்து உட்காரவைத்து வீட்டுக்குச் சொல்லி அனுப்பியிருப்பார்கள். நம் ஊரில் காலில் விழுந்தார்கள். மோர் கொடுத்தார்கள். ஒரு வெள்ளைக்காரம்மா செல்போனில் படம் எடுத்தாள். பெங்களூரில் இருந்து வந்த ஒரு குடும்பம் கைக்குழந்தையை அவன் முன்னால் நீட்டி ஆசீர்வாதம் கேட்டது. அவன் ஒருவனுக்கு மட்டும் பைத்தியம் பிடித்திருந்தால் கண்டுபிடித்திருக்கலாம். நாங்கள் எல்லாருமாகச் சேர்ந்து அவனை ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தோம்.

இரண்டாவது நாள் காலை பத்து மணிக்குச் சந்திரகலா கடைக்கு வந்தாள். வேலையிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தாள், கையில் மாவு காயவில்லை.

"அண்ணா, எத்தினி நாளா மாத்திரை போடல அவரு?"

"மாலை போட்டவருக்கு மாத்திரை எதுக்கும்மா..."

"எத்தினி நாளுனு கேட்டேன்."

"இருபத்திரண்டு நாள் இருக்கும்."

அவள் பழைய மோட்டார் பாடி ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டாள். திட்டியிருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன். அவள் கத்தவில்லை.

"ஏறிட்டாருணா. இது பக்தி இல்ல, ஏத்தம். இதுக்கப்பறம் எறக்கம் வரும். போன தடவ கெணத்து மேட்டுலேர்ந்து நான் இழுத்துனு வந்தேன். இந்தத் தடவ நான் வேலைல நிக்கச்சொல்ல நடந்துச்சுனா நான் இன்னாணா பண்ணுவேன்?"

டாக்டர் அன்புச்செல்விக்கு அங்கேயே போன் போட்டோம். மாத்திரையை நீங்களாகத் திரும்ப ஆரம்பிக்க வேண்டாம், இன்றைக்கே ஆளைக் கூட்டி வாருங்கள், இறங்க ஆரம்பிப்பதற்குள் பிடிக்க வேண்டும் என்றார். சந்திரகலா காலையில் வேலைக்குப் போகிற வழியிலேயே அவனைக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். "குருசாமி சொல்லட்டும், வரேன்" என்றானாம்.

நான் ஒரு யோசனை சொன்னேன். "பேசாம தூக்க மாத்திரையைப் பாயசத்துல கலந்து பிரசாதம்னு குடுத்துடலாம்மா. தூங்கனதும் வண்டில ஏத்திடலாம்."

"ஐயோ வேணாம்ணா! பத்தொம்போது மாசமா அவரே கையால எடுத்து அவரே போட்டுக்கினாரு. ஒரு தடவ ஏமாத்துனா அப்பறம் நான் குடுக்கற தண்ணியக்கூட மோந்து பாத்துத்தான் குடிப்பாரு. நீங்க போட்ட முடிச்சு. நீங்களே அவுருங்க."

மொபெட்டில் அவளை ஏற்றிக்கொண்டு கிரிவலப் பாதையில் போனேன். அடி அண்ணாமலை தாண்டி ஒரு அன்னதானப் பந்தல். அதன் தண்ணீர்த் தொட்டி மேடையில் ஏறி நின்றுகொண்டு சடையன் பிரசங்கம் செய்துகொண்டிருந்தான். கீழே ஐம்பது அறுபது பேர். எங்கள் குழுச் சாமிகளே நான்கைந்து பேர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள்.

"மலையச் சுத்தி பதினாலு கிலோமீட்டருக்கும் பைப் போடறோம்! பத்தடிக்கு ஒரு டேப்! ஒரு பக்தனும் தாகத்தோட நடக்கக் கூடாது! மோட்டார நான் எறக்கறேன், காயில எங்க குருசாமி கட்டுவாரு!"

கூட்டம் கைதட்டியது. சொல்லப்போனால் திட்டத்தில் பெரிய கோளாறு ஒன்றும் இல்லை. ஒருவர் நன்கொடையை யாரிடம் கொடுப்பது என்று என்னிடமே கேட்டார். நான் சடையன் காலைப் பார்த்தேன். கொப்புளங்கள் உடைந்து, பாதம் பட்ட இடமெல்லாம் சிமெண்டில் ரத்தம். உதடு வெடித்திருந்தது. அவன் கண் மட்டும் பல்பு போட்டது போல எரிந்துகொண்டிருந்தது.

நான் முதலில் எனக்குக் கைவந்த வழியில் போனேன். "சாமி, நேத்து என் கனவுல ஐயப்பன் வந்தாரு. சடையனை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லு, மாத்திரை போடச் சொல்லுன்னாரு."

சடையன் தொட்டி மேலிருந்து என்னை உற்றுப் பார்த்தான். "எந்த மாத்திரைனு சொன்னாரா?"

"அதான், உன் மாத்திரை."

"எத்தினி மில்லிகிராம்?"

"அது... சொல்லல."

"ஐயப்பனுக்கு மில்லிகிராம் தெரியாதா சாமி?"

கூட்டம் சிரித்தது. தூங்காதவனின் மூளை கத்தி மாதிரி இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "குருசாமி சொல்றேன், எறங்கு கீழே!" என்று அதட்டினேன்.

"மாத்திரை வேணாம்னு அன்னிக்குச் சொன்னதும் குருசாமிதான், வேணும்னு இன்னிக்குச் சொல்றதும் குருசாமிதான். நான் எந்தக் குருசாமி பேச்சக் கேக்கறது?" அவன் கேலியாகத்தான் ஆரம்பித்தான். ஆனால் குரல் மாறிவிட்டது. "மனசு கெட்டவனுக்குத்தான் மாத்திரைனு நீங்கதான சொன்னீங்க? நான் சாமியா இருக்கறேன். சாமியாவே இருந்துட்டுப் போறேனே. இங்க நிக்கற சாமிங்கள்ல ஒருத்தராவது மனசுக்கு மாத்திரை போடறாங்களா? கையத் தூக்கச் சொல்லுங்க, நான் எறங்கறேன்."

ஒரு கையும் உயரவில்லை. சந்திரகலா என்னைப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. இனி இவர்தான் ஏதாவது செய்ய வேண்டும் என்கிற பார்வை, அவ்வளவுதான்.

இங்கே ஒரு விஷயம். இதுவரை உங்களிடமும் சொல்லாமல் மறைத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், என் மனைவி அருணாதேவியிடமே மறைத்தவன் நான். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், ஐந்து எச்.பி. மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்து, கை நடுங்கி, இதோ சாகப்போகிறேன் என்று தரையில் உட்கார்ந்துவிட்டேன். அது திரும்பத் திரும்ப வந்தது. இதய டாக்டர் இதயத்தில் ஒன்றும் இல்லை என்றார். பாண்டிச்சேரியில் ஒரு மனநல டாக்டர், இது பயம், மாத்திரை போட்டால் அடங்கும் என்றார். அடங்கியது. தாமிரக் கம்பி வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பாண்டிச்சேரி போய் மாத்திரை வாங்கி வருவேன். நம் ஊர் ஆஸ்பத்திரி வாசலில் யாராவது பார்த்துவிட்டால்? மாலை போட்ட நாளிலும் விடாமல் போட்டேன். சடையனுக்கு உபதேசம் செய்த அன்றும், உபதேசம் முடிந்த கையோடு உள்ளே போய் ஒன்று போட்டுக்கொண்டுதான் சாப்பிட உட்கார்ந்தேன்.

நான் கையைத் தூக்கினேன்.

சடையனுக்குப் புரியவில்லை. இடுப்புப் பையிலிருந்து அட்டையை எடுத்து எல்லாரும் பார்க்க உயர்த்திப் பிடித்தேன். மெதுவாகச் சொல்லியிருக்கலாம். எனக்கு மெதுவாகப் பேச வராது. "நான் போடறேன்டா! ஆறு வருஷமா! மனசுக்குத்தான்! பயத்துக்கு! மாலை போட்டும் போடறேன்!" என்று கத்தி, அந்தத் தொட்டியின் டேப்பிலேயே தண்ணீர் பிடித்து, அன்றைய மாத்திரையை விழுங்கினேன். எங்கள் குழுச் சாமி ஒருவர் "சாமியே..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். இதற்குச் சரணம் போடலாமா கூடாதா என்று அவருக்குத் தெரியவில்லை.

சடையன் இறங்கி வந்தான். அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எத்தினி மில்லிகிராம்?"

"பத்து."

"பத்தா?" அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இந்தக் கத்து கத்தறீங்க, வெறும் பத்தா? என்னுது நானூறு சாமி! காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு!"

பந்தலே சிரித்தது. நானும் சிரித்தேன். அவனும் சிரித்துக்கொண்டே இருந்தவன், சட்டென்று நின்றான். கண்ணிலிருந்து தண்ணீர் ஊற்றுகிறது.

"அப்ப என்னுத மட்டும் எதுக்கு சாமி விடச் சொன்னீங்க?"

"வெக்கம்டா" என்றேன். "என் வெக்கத்த உன் தலைல கட்டிட்டேன். மன்னிச்சுக்க."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "வரேன். ஆனா நீங்களும் ஆஸ்பத்திரில சீட்டுப் போடணும். பாண்டிச்சேரிலாம் வேணாம். நம்ம ஊர்லயே, எல்லாரும் பாக்கச்சொல்ல."

அன்று மத்தியானம் மனநலப் பிரிவு வாசலில், கறுப்பு வேட்டி, மாலை, சந்தனத்தோடு நாங்கள் இருவரும் சீட்டு கையில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அந்த ஒரு மணி நேரத்தில் என் கடை வாடிக்கையாளர்கள் ஏழு பேர் அந்தப் பக்கம் போனார்கள். ஒருவர் நின்று, "குருசாமி, இங்க மோட்டார் எதுனா ரிப்பேரா?" என்றார். "ஆமா, ரெண்டு மோட்டார்" என்றான் சடையன். டாக்டர் அன்புச்செல்வி, "நீங்கதான் அந்தக் குருசாமியா?" என்று தொடங்கிக் கால் மணி நேரம் என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார். விரதத்துக்கும் மாத்திரைக்கும் ஒரு சண்டையும் இல்லை, நடுவில் சண்டை மூட்டிவிட்டது நீங்கள்தான் என்றார். நான் கையைக் கட்டிக்கொண்டு கடைசிவரை கேட்டேன். என் சரித்திரத்தில் அது முதல் தடவை.

சடையனைப் படுக்கையில் சேர்த்து ஊசி போட்டார்கள். பதினான்கு மணி நேரம் தூங்கினான். அந்த வருடம் அவன் சபரிமலைக்கு வரவில்லை. மாலையை வார்டிலேயே நான் கழற்றினேன். ஐயப்பன் கோபித்துக்கொண்டதாக இதுவரை தகவல் இல்லை. என் குழுவிலிருந்து ஐந்து பேர் வேறு குருசாமியிடம் போய்விட்டார்கள், போகட்டும். வீட்டில் அருணாதேவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஆறு வருஷமா ஒண்டியாப் போனீங்களே, என்னையும் கூட்டிட்டுப் போயிருந்தா நானும் கடலைப் பாத்திருப்பேன்ல?" என்றாள். பிறகு இரண்டு நாள் குழம்பில் உப்புப் போடவில்லை. நானும் கேட்கவில்லை.

டாக்டர் என் மாத்திரையையும் காலை வேளைக்கு மாற்றினார். சடையன் வீடு திரும்பியதும் நாங்கள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். தினம் காலை எட்டு மணிக்கு அவன் எனக்குப் போன் போடுவான். "போட்டாச்சு" என்பான். "போட்டாச்சு" என்பேன். வைத்துவிடுவோம்.

தை பிறந்ததும் இறக்கம் வந்தது. வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார், மாத்திரை இருப்பதால் முன்னைவிடக் கம்மியாக இருக்கும் என்றும் சொல்லியிருந்தார். கம்மிதான். ஆனாலும் அவன் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டான். வேலைக்குப் போவதில்லை, யாரோடும் பேச்சில்லை. சந்திரகலா ஊட்டினால் இரண்டு வாய். இருந்தாலும் எட்டு மணிக்குப் போன் மட்டும் வரும். கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல, "போட்டாச்சு."

மூன்றாவது வாரம் ஒரு நாள் போன் வரவில்லை. எட்டேகால் வரை பார்த்தேன். நான் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. போட்ட சட்டையோடு மொபெட்டை எடுத்துக்கொண்டு பறந்தேன். சந்திரகலா ஏழரைக்கே வேலைக்குப் போயிருந்தாள். கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை. உள்ளே போனேன். படுத்திருந்தான். மூச்சு இருந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்தேன். மாத்திரை அட்டை அலமாரியில் தொடாமல் இருந்தது.

"சடையா, மாத்திரை போடலியா?"

"வேணாம்ணா." திரும்பவே இல்லை. "இன்னிக்கு எதுவுமே வேணாம்."

எவ்வளவு உபதேசம் செய்த வாய் இது! அதட்டத் தோன்றவில்லை, கெஞ்சவும் தெரியவில்லை. தண்ணீர் டம்ளர் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மணி ஒன்பதாயிற்று, பத்தாயிற்று. இவன் போய்விட்டால் என்னாகும், நான்தானே காரணம், சந்திரகலா முகத்தில் எப்படி விழிப்பேன் என்று நினைக்க நினைக்க எனக்கு நெஞ்சு அடிக்க ஆரம்பித்தது. ஆறு வருடமாக வராதது வந்துவிட்டது. கை நடுங்கியது. டம்ளர் தரையில் பட்டுக் கடகடவென்று சத்தம் போட்டது. நிறுத்தப் பார்த்தேன், நிற்கவில்லை.

சடையன் திரும்பினான்.

"இன்னாணா, கை நடுங்குது?"

"பயமா இருக்குடா."

"மாத்திரை?"

"போடல."

"ஏன் போடல?"

"நீ போன் பண்ணல. அப்பிடியே ஓடி வந்துட்டேன்."

அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஒரு கையை ஊன்றி, முனகிக்கொண்டு, எழுந்தான். சுவரைப் பிடித்து நடந்தான். பானையில் புதுத் தண்ணீர் மோந்து கொண்டு வந்து, என் இடுப்புப் பையை அவனே திறந்து அட்டையைத் தேடி எடுத்து, ஒரு மாத்திரையைப் பிதுக்கி என் உள்ளங்கையில் வைத்தான்.

"போடுங்க."

"நீ?"

"மொதல்ல நீங்க போடுங்கணா. கை இப்பிடி ஆடுது, ஒங்களுக்கு இன்னா பிடிவாதம்?"

போட்டேன். மிச்சத் தண்ணீரில் அவன் தன்னுடையதைப் போட்டுக்கொண்டான். பக்கத்தில் உட்கார்ந்து, என் நடுக்கம் நிற்கும் வரை கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். பசிக்கிறது என்றான். காலையில் சந்திரகலா மூடி வைத்துவிட்டுப் போன இட்லியை ஒரே தட்டில் வைத்து இருவரும் சாப்பிட்டோம்.

சந்திரகலா வந்தாள். அவளும் போன் போட்டு, எடுக்காததால் ஓடி வந்திருந்தாள். வாசலில் நின்று எங்களைப் பார்த்தாள். "இன்னா ரெண்டு பேரும் திருடனுங்க மாதிரி முழிக்கிறீங்க?"

"அண்ணா மாத்திரை போட மறந்துட்டாரு," என்றான் சடையன். "நான்தான் எழுந்து போய்க் குடுத்தேன்."

மூன்று வாரத்தில் அவளிடம் அவன் பேசிய நீளமான பேச்சு அதுதான். சந்திரகலா அவனைப் பார்த்தாள், கலைந்து கிடந்த பாயைப் பார்த்தாள், பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஏன்ணா, ஒங்களுக்கு வெக்கமா இல்ல? இந்த வயசுல மாத்திரை போட மறக்கறீங்க? அருணா அண்ணிகிட்ட இப்பவே சொல்றேன் பாருங்க!" என்று ஆரம்பித்து, கண்ணைத் துடைத்துத் துடைத்துக்கொண்டு என்னைத் திட்டினாள். நான் தலையைக் குனிந்துகொண்டு இட்லியைச் சாப்பிட்டேன்.